யார் வீட்டு நாயும் அல்ல: ஆறுதல் சொல்லும் ஏஐ மீம் படங்கள் உருவாகும் விதம்

என் தோழி ஒருவரின் தந்தைக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் தோழி வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருப்பார். விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் "உள்ளே போயாச்சு" என்று ஒரு வரி வரும். "கவலைப்படாதே" என்று வாரத்துக்கு மூன்று முறை எழுத முடியாது. கட்டைவிரல் குறி ஒன்றைப் போட்டுவிட்டு நகரவும் மனம் வராது. ஒரு நாள், நாற்காலியின் காலடியில் படுத்து, முகவாயை முன்னங்கால்கள் மேல் வைத்து, கண்களை மட்டும் உயர்த்திப் பார்க்கும் நாட்டு நாய் ஒன்றின் படத்தை ஏஐ படக் கருவியில் உருவாக்கி அனுப்பினேன். சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது: "இது யார் வீட்டு நாய்?"

அது யார் வீட்டு நாயும் அல்ல. அப்படி ஒரு நாய் எங்கும் இருந்ததில்லை. அப்படியானால் அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று பலரிடம் பேசிப் பார்த்தேன். கணினி இணையத்தில் தேடி எடுத்து, வெட்டி ஒட்டித் தருகிறது என்றார் ஒருவர். இயந்திரம் மனிதரைப் போலக் கற்பனை செய்து வரைகிறது என்றார் இன்னொருவர். நம் துயரத்தைப் புரிந்துகொண்டு அதற்கேற்ற படத்தைத் தருகிறது என்று நம்புவோரும் உண்டு. மூன்றும் உண்மையிலிருந்து விலகியவை. இந்தத் தவறான புரிதலால்தான், மனத்தைத் தொட வேண்டும் என்று நினைத்து எழுதப்படும் கட்டளைகள் பளபளப்பான, உயிரற்ற படங்களில் முடிகின்றன. நடப்பது என்ன என்பதை, கணினித் துறைக்குப் புதியவரும் பின்தொடரும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

## ரியாக்‌ஷன் மீம் என்றால் என்ன

'மீம்' என்ற சொல்லை 1976இல் உருவாக்கியவர் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ். மனிதருக்கு மனிதர் பார்த்துப் பின்பற்றுவதால் பரவும் பண்பாட்டுக் கூறு என்பது அவர் கொடுத்த பொருள். இணையம் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, கைமாறிக் கைமாறிப் பரவும் படங்களுக்குப் பெயராக்கிவிட்டது. ரியாக்‌ஷன் மீம் என்பது அதில் ஒரு வகை: ஒருவர் சொன்னதற்குச் சொல்லால் பதில் தராமல், ஒரு முகபாவத்தைப் பதிலாக அனுப்புவது. தமிழருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. வடிவேலுவின் முகபாவங்களை 'டெம்ப்ளேட்' ஆக்கி, அலுவலகக் கோபம் முதல் அரசியல் விமர்சனம் வரை எல்லாவற்றுக்கும் பதிலாக அனுப்பிப் பழகியவர்கள் நாம்.

ஆறுதல் மீமின் தன்மை சற்று வேறானது. அது சிரிக்க வைப்பதைவிட, "நான் இங்கே இருக்கிறேன்" என்று உணர்த்துவதையே நோக்கமாகக் கொண்டது. அதற்கு விலங்கு முகம் ஏன் பொருத்தமாக அமைகிறது என்பதற்கு என் பதில் எளிமையானது: விலங்கு அறிவுரை சொல்லாது. மனித முகம் ஒன்றை அனுப்பினால் அதற்கு வயது உண்டு, பால் உண்டு, ஏதோ ஒரு கருத்தும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். காலடியில் படுத்திருக்கும் நாய்க்கு நம்மைப் பற்றிக் கருத்து எதுவும் இல்லை.

## பெரிய கண்களைப் பார்த்தால் மனம் ஏன் இளகுகிறது

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு நெருங்கிய ஆய்வு வரலாறு உண்டு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ், 1943இல் 'குழந்தை வார்ப்பு' என்று சொல்லத்தக்க ஒரு கருத்தை முன்வைத்தார். உடலோடு ஒப்பிட்டால் பெரிய தலை, உயர்ந்த நெற்றி, முகத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே அமைந்த பெரிய கண்கள், உருண்ட கன்னம், குட்டையான தடித்த கைகால்கள் ஆகிய அடையாளங்கள் சேர்ந்து தென்பட்டால், அது மனிதக் குழந்தையோ நாய்க்குட்டியோ வாத்துக்குஞ்சோ, பார்ப்பவருக்குள் பராமரிக்கும் உணர்வு தூண்டப்படுகிறது என்பது அதன் சாரம்.

நாய்களின் முகத்தில் இன்னொரு சிறப்பும் உண்டு. 2019இல் வெளியான ஓர் ஆய்வு நாய்களின் முகத் தசைகளையும் ஓநாய்களின் முகத் தசைகளையும் ஒப்பிட்டது. புருவத்தின் உட்புற முனையை மேலே தூக்கும் ஒரு தசை நாய்களிடம் சீராக வளர்ந்திருந்தது. ஓநாய்களில் அது அந்த அளவில் இல்லை. அந்த உட்புருவம் உயரும்போது கண் பெரிதாகவும் சற்றே சோகமாகவும் தோன்றுகிறது. மனிதரோடு வாழ்ந்த பல்லாயிரம் ஆண்டுகளில் இந்தப் பார்வைக்கு மனிதர் இரங்கியதே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு, குட்டி விலங்குகளின் படங்களைப் பார்த்த பிறகு மாணவர்கள் நுணுக்கமான கைவேலையை முன்பைவிடக் கவனமாகச் செய்ததாகக் கண்டது. வளர்ந்த விலங்குகளின் படங்களைப் பார்த்தவர்களிடம் அந்த அளவு மாற்றம் தெரியவில்லை.

சுருக்கமாக, 'அழகு' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் கண், நெற்றி, புருவம், உடல் விகிதம் ஆகியவற்றின் குறிப்பிட்ட அமைப்பு. அவற்றைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்கலாம். கருவியிடம் பேசும்போது இந்த உண்மையே பெரிதும் கைகொடுக்கும்.

## கோலத்தின் மேல் தூவிய மாவு

இனி, படம் உருவாகும் விதத்துக்கு வருவோம். கோலம் கற்கும் ஒரு சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் முன் ஒரு கோலத்தைப் போட்டு, அதன் மேல் ஒரு சிட்டிகை மாவைத் தூவி, "இதில் கோலத்தின் கோடு எது, பிறகு விழுந்த மாவு எது?" என்று கேட்கிறோம். முதலில் தவறு செய்வாள், திருத்துகிறோம். அடுத்த கோலத்தில் ஒரு கைப்பிடி மாவு. அதற்கடுத்ததில் இரண்டு கைப்பிடி. இப்படி லட்சக்கணக்கான கோலங்களை, வெவ்வேறு அளவு மாவு தூவி, அவளுக்குக் காட்டிக்கொண்டே இருந்தால், கோடு பாதி மறைந்த நிலையிலும் எது கூடுதல் மாவு என்று சொல்லும் திறன் அவளுக்கு வந்துவிடும். கோலத்தின் கோடுகள் பொதுவாக எப்படி வளையும், புள்ளியைச் சுற்றி எப்படித் திரும்பும் என்பது அவளுக்குப் பழகிப்போயிருக்கும்.

இப்போது அவளிடம் ஒரு சிறு சோதனை வைக்கிறோம். கோலமே போடாத வெறும் தரையில் மாவை இறைத்துவிட்டு, "இதற்குக் கீழே ஒரு கோலம் இருக்கிறது, கூடுதல் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்று" என்கிறோம். அவள் அதை நம்பி, ஏதோ ஓரிடத்தில் கோடு போலத் தோன்றுவதை விட்டுவிட்டு, சுற்றியுள்ளதை ஊதித் தள்ளுகிறாள். அடுத்த முறை அந்தக் கோடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதற்கு இசைவாக மற்றொரு வளைவை விட்டுவைக்கிறாள். முப்பது நாற்பது முறை இப்படிச் செய்த பிறகு, தரையில் யாருமே போடாத ஒரு கோலம் இருக்கும்.

என் தோழிக்கு அனுப்பிய நாயும் ஏறத்தாழ இப்படித்தான் வந்தது. இந்த முறைக்கு 'டிஃப்யூஷன்' என்று பெயர். ஒரு சொட்டு மை நீரில் கலந்து பரவி உருவிழப்பதைக் குறிக்கும் சொல் அது. தூவிய மாவின் இடத்தில் இங்கே இருப்பது 'இரைச்சல்', அதாவது எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறிய எண்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் ஒளிபரப்பு நின்ற பின் திரையில் கொதித்துக்கொண்டிருந்த கறுப்பு வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். பயிற்சியின்போது உண்மையான படங்களில் இரைச்சலைச் சேர்த்து, சேர்த்த இரைச்சல் எது என்று கணிக்கக் கற்றுத்தருகிறார்கள். பயன்பாட்டின்போது வெறும் இரைச்சலில் தொடங்கி, அதைப் படிப்படியாக நீக்கச் செய்கிறார்கள். இந்த எண்ணத்தை 2015இல் முன்வைத்தவர்கள் வெப்பஇயக்கவியல் என்ற இயற்பியல் பிரிவிலிருந்து அதைப் பெற்றார்கள். 2020இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஹோ, அஜய் ஜெயின், பீட்டர் அபீல் மூவரும் அதிலிருந்து தெளிவான படங்கள் வரும் என்று காட்டிய பிறகுதான் இத்துறை வேகமெடுத்தது.

ஒரே அடியில் நீக்காமல் படிப்படியாக நீக்குவது ஏன் என்ற கேள்வி எழலாம். வெறும் மாவைப் பார்த்து முழுக் கோலத்தையும் ஒரே முறையில் சொல்லச் சொன்னால், சிறுமி எல்லாக் கோலங்களுக்கும் பொதுவான ஒரு மங்கலான வட்டத்தைத்தான் சொல்வாள். சிறு சிறு படிகளாகச் செய்யும்போது முதற்படிகளில் பெரிய அமைப்பு முடிவாகிறது: நாய் எங்கே, நாற்காலி எங்கே, ஒளி எந்தப் பக்கம். மயிரும் மீசையும் கண்ணின் பளபளப்பும் பின்னால் வருகின்றன.

சாதாரணக் கணினியிலும் இது இயலும்படி செய்தது இன்னொரு உத்தி. 512க்கு 512 புள்ளிகள் கொண்ட வண்ணப் படம் என்பது, புள்ளி ஒன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்ணாக, 7,86,432 எண்கள். மியூனிக் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வளர்ந்து 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படக் கருவி, அந்தப் படத்தை 16,384 எண்கள் கொண்ட சுருக்கமாக மாற்றி, நீக்கும் வேலையை அந்தச் சுருக்கத்தில் செய்துவிட்டு, கடைசியில் விரித்துத் தருகிறது. வேலை 48 மடங்கு சிறியதன் மேல் நடக்கிறது. (எல்லாக் கருவிகளும் இதே வழியைப் பின்பற்றுவதில்லை, 2025இல் சாட்ஜிபிடியில் வந்த படக் கருவி, எழுத்தை உருவாக்குவதுபோலவே படத்தையும் துண்டு துண்டாகத் தொடர்ந்து உருவாக்கும் முறையைச் சேர்ந்தது. பயன்படுத்துபவர் அறிய வேண்டியவை பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவானவை.)

ஆகவே, பெட்டிக்குள் வெட்டி ஒட்டுவதற்கான படக் கிடங்கு ஏதும் இல்லை. பயிற்சியில் படிந்த பழக்கம் மட்டுமே இருக்கிறது. ஆனால் இதற்கு விதிவிலக்கு உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பயிற்சித் தொகுப்பில் மிக அதிகமுறை திரும்ப வந்த மூன்றரை லட்சம் படங்களை வைத்து 2023இல் நடந்த ஒரு சோதனையில், ஏறத்தாழ நூறு படங்கள் மூலப் படத்தின் நகல் போலவே வெளிவந்தன. ஒரே கோலத்தை ஆயிரம் முறை காட்டினால் சிறுமி அதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவாள் அல்லவா, அதுபோல.

## அகராதியும் நிகண்டும்

வெறும் இரைச்சலிலிருந்து ஏதோ ஒரு படம் வரும். ஆனால் நாம் கேட்ட நாய் எப்படி வருகிறது? இதை விளக்க நம்மிடம் அழகான ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. அகராதியில் சொற்கள் எழுத்து வரிசையில் நிற்கும். 'நாய்' என்ற சொல்லின் பக்கத்து வீட்டுக்காரர்கள் அங்கே 'நாயகன்', 'நாயனம்'. நிகண்டில் அப்படியில்லை, அங்கே பொருளால் உறவுள்ள சொற்கள் ஒன்றாகக் கூடி நிற்கும். நாயின் அருகில் ஞமலி, ஞாளி, குக்கல் என்ற பெயர்கள் இருக்கும். சற்றுத் தள்ளி மற்ற விலங்குகள்.

படக் கருவிக்குள் இருக்கும் சொல் அறியும் பகுதி, ஒரு மாபெரும் நிகண்டு. ஒவ்வொரு சொற்றொடருக்கும் அது ஒரு எண் வரிசையைத் தருகிறது. அந்த வரிசைக்கு 'வெக்டர்' என்று பெயர். வரைபடத்தில் ஓர் ஊரைக் குறிக்க இரண்டு எண்கள் போதும். இங்கே நூற்றுக்கணக்கான எண்கள் சேர்ந்து ஒரு முகவரி ஆகின்றன. பொருளில் நெருங்கியவை முகவரியிலும் நெருங்கியிருக்கும். 2021 ஜனவரியில், பின்னாளில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் அறிவித்த 'கிளிப்' என்ற கணினி நிரல், இணையத்தில் கிடைத்த 40 கோடிப் படங்களையும் அவற்றோடு இருந்த விளக்கவரிகளையும் இணை இணையாகக் கொண்டு, படத்துக்கும் வரிக்கும் ஒரே வரைபடத்தில் முகவரி தரக் கற்றுக்கொண்டது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் வடிவம் நம் சொற்களைப் படிக்கப் பயன்படுத்தியது இதன் ஒரு பகுதியைத்தான்.

நாம் கருவிக்கு எழுதித் தரும் கட்டளை வரிக்குப் 'ப்ராம்ப்ட்' என்று பெயர். ப்ராம்ப்ட்டின் முகவரி, இரைச்சலை நீக்கும் ஒவ்வொரு படியிலும் உடனிருந்து, எந்தக் கோட்டை விட்டுவைப்பது என்று திசை காட்டுகிறது. சிறுமியின் காதருகே ஒருவர் நின்று "தாமரைக் கோலம், தாமரைக் கோலம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பதற்கு ஒப்பானது இது.

இந்த நிகண்டைத் தொகுத்தவர்கள் புலவர்கள் அல்லர். இணையத்தில் படத்துக்குக் கீழே ஏதோ ஒரு வரி எழுதிவிட்டுப் போன கோடிக்கணக்கானவர்கள். கருவியின் பலமும் குறையும் இங்கேயே பிறக்கின்றன.

## 'ஆறுதல்' என்று எழுதினால் ஆறுதல் வராது

நான் முதலில் எழுதிய ப்ராம்ப்ட் இதுதான்: "சோகமாக இருக்கும் தோழிக்கு ஆறுதல் சொல்லும் அழகான நாய்." வந்த படத்தில் பொன்னிற மயிரடர்ந்த வெளிநாட்டு நாய் ஒன்று, மனிதரைப் போலப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, சுற்றிலும் இளஞ்சிவப்பு இதயங்கள் மிதக்க, படப்பிடிப்பு நிலைய விளக்கொளியில் உட்கார்ந்திருந்தது. பிறந்தநாள் அட்டைக்கு அது பொருந்தும். டயாலிசிஸ் அறையின் வெளியே காத்திருப்பவருக்கு அதை அனுப்ப முடியாது.

காரணம் இப்போது விளங்கும். 'ஆறுதல்', 'அழகான' என்ற சொற்களோடு இணையத்தில் சேர்ந்திருந்த படங்கள் பெரும்பாலும் வாழ்த்து அட்டைகளும் விளம்பரங்களும்தான். கருவி அந்த முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குத் துயரம் தெரியாது. துயரம் என்று எழுதப்பட்ட படங்கள் எப்படித் தோற்றமளித்தன என்பது மட்டுமே தெரியும்.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலில் புலப்படுவதையே மெய்ப்பாடு என்கிறோம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக அதை வகுக்கிறார் தொல்காப்பியர். அந்த எட்டில் ஆறுதல் இல்லை. ஆறுதல் ஒருவர் உடலில் மட்டும் தோன்றும் உணர்ச்சியன்று, இருவருக்கு இடையே நிகழ்வது என்பதால் அப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன். எப்படியாயினும், படக் கருவிக்கு எழுதுபவர் செய்ய வேண்டியது உணர்ச்சியின் பெயரைச் சொல்வதை விட்டு மெய்ப்பாட்டைச் சொல்வது. கண் எங்கே பார்க்கிறது? காது நிமிர்ந்திருக்கிறதா, பின்னோக்கி மடிந்திருக்கிறதா? உடல் தளர்ந்திருக்கிறதா? எவ்வளவு அருகில் இருக்கிறது? ஒளி எந்த நேரத்தின் ஒளி?

நான் திருத்தி எழுதிய ப்ராம்ப்ட் இப்படி அமைந்தது: "குட்டையான வெளிர்பழுப்பு மயிர் கொண்ட இந்திய நாட்டு நாய், மருத்துவமனை நடைக்கூடத்தில் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியின் காலருகே தரையில் படுத்திருக்கிறது, முகவாய் முன்னங்கால்கள் மேல், வாய் மூடியிருக்கிறது, உட்புருவம் சற்று உயர்ந்து, கண்கள் மேல்நோக்கி, நாற்காலியில் அமர்ந்திருப்பவரைப் பார்க்கின்றன, நாயின் கண் மட்டத்திலிருந்து எடுத்த படம், சன்னல் வழியாக வரும் விடியற்காலை மென்னொளி." இதில் 'ஆறுதல்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

'வாய் மூடியிருக்கிறது' என்று எழுதியதைக் கவனியுங்கள். "பல் தெரியக் கூடாது" என்று எழுதியிருந்தால் பல் வருவதற்கே வாய்ப்பு அதிகம். நிகண்டு முகவரியில் 'பல்' என்ற சொல்லின் இழுப்பு வலுவானது. 'கூடாது' என்பதன் இழுப்பு மெலிந்தது, ஏனெனில் படத்துக்குக் கீழே விளக்கம் எழுதுகிறவர்கள் படத்தில் இல்லாததை அரிதாகவே எழுதுகிறார்கள். சில கருவிகளில் வேண்டாதவற்றை எழுதத் தனிக் கட்டம் உண்டு. அதற்கு 'எதிர்மறை ப்ராம்ப்ட்' என்று பெயர். அது இல்லாத இடத்தில், வேண்டாததை மறுக்காமல் வேண்டியதைச் சொல்வதே வழி.

அதே கருவியில் அதே ப்ராம்ப்ட்டோடு அதே இரைச்சலில் தொடங்கினால் அதே படம் திரும்ப வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. தொடக்க இரைச்சலை அடையாளம் காட்டும் எண்ணுக்கு 'சீட்' என்று பெயர். ஒரே நாயை உறங்குவதாகவும் விழித்திருப்பதாகவும் எடுத்து ஒரு தொகுப்பு செய்ய விரும்புவோர், சீட் எண்ணை மாற்றாமல் ப்ராம்ப்ட்டில் ஓரிரு சொற்களை மட்டும் மாற்றினால், முகச்சாயல் பெருமளவு காப்பாற்றப்படும்.

படம் வந்ததும் கால்களையும் விரல்களையும் எண்ணிப் பாருங்கள். பூனைக்கு முன்னங்காலில் ஐந்து விரல், பின்னங்காலில் நான்கு. கருவி அதை அறியாது. காலுக்குப் பக்கத்தில் கால் போன்ற ஒன்று இருப்பது இயல்பு என்று மட்டுமே அதன் பழக்கம் சொல்கிறது. ஆகவே படுத்திருக்கும் விலங்குக்கு ஐந்தாம் கால் ஒன்று முளைத்துவிடுவது உண்டு. ஆறுதல் தேடிப் பார்ப்பவரின் கண் அந்தக் காலில் சிக்கிக்கொண்டால் படத்தின் நோக்கமே கெட்டுவிடும்.

## நாட்டு நாய் ஏன் தானாக வருவதில்லை

'நாய்' என்று மட்டும் எழுதினால் நம் தெருவில் படுத்திருக்கும் நாய் வருவது அரிது. பயிற்சிக்குப் பயன்பட்ட படங்களில் மேலை நாட்டு வளர்ப்பு நாய்களின் படங்களே மிகுதி. நம் தெரு நாயைப் படம் எடுத்து, அதற்கு விளக்கவரியும் எழுதி இணையத்தில் வைத்தவர்கள் குறைவு. ஆகவே குட்டையான மயிர், நிமிர்ந்த கூர்க்காது, மெலிந்த இடை, மேல்நோக்கிச் சுருண்ட வால் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த உழைப்பு வீண் அல்ல. என் தோழி "இது யார் வீட்டு நாய்?" என்று கேட்டதற்குக் காரணமே அது அவர் அன்றாடம் கடந்துபோகும் நாய்களைப் போல இருந்ததுதான். பொன்னிற நாயை அனுப்பியிருந்தால் அதை ஒரு படமாக மட்டுமே பார்த்திருப்பார்.

தமிழில் ப்ராம்ப்ட் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். முதல் தலைமுறைக் கருவிகளில் அது பலன் தரவில்லை. அவை வரியைச் சிறு துண்டுகளாக உடைத்துப் படிப்பவை. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் வடிவம் 77 துண்டுகளுக்கு மேல் படிக்காது. கணினியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் எடுக்கிறது. 'ஆறுதல்' என்ற ஒரு சொல்லே (ஆ, ற, உகரக் குறி, த, ல, புள்ளி என ஆறு குறிகள்) 18 பைட். பெரும்பாலும் ஆங்கில வரிகளைக் கொண்டு பழக்கிய வெட்டுக்கத்தி அதைப் பொருளற்ற துணுக்குகளாக நறுக்கிவிடும். 2023 இறுதியிலிருந்து, உரையாடல் வழியாக இயங்கும் கருவிகள், நாம் எழுதியதை முதலில் எழுத்தை உருவாக்கும் ஒரு மொழி நிரலிடம் தந்து விரிவான விளக்கமாக மாற்றிக்கொள்ளத் தொடங்கியதால், இப்போது தமிழில் எழுதினாலும் நல்ல விளைவு கிடைக்கிறது. அந்த விரித்தெழுதும் பணியில் நாம் கேட்காத இதயங்களும் மலர்களும் சேர்ந்துவிடுவது உண்டு. நாம் தெளிவாக எழுதினால் அது குறையும்.

இதுவரை சொன்னவற்றின் சுருக்கம்: இரைச்சலிலிருந்து படம் படிப்படியாக வெளிப்படுகிறது, நம் சொற்களின் முகவரி அதற்குத் திசை காட்டுகிறது, அந்த முகவரிகள் இணையத்தில் ஏற்கெனவே எழுதப்பட்ட விளக்கவரிகளால் அமைந்தவை. ஆகவே உணர்ச்சியின் பெயரைவிடக் கண்ணுக்குத் தெரியும் விவரமே பலன் தரும்.

## படத்தின் மேல் தமிழ் எழுத்து

படத்திலேயே "நான் இருக்கேன்" என்று எழுதித் தரும்படி கேட்டபோது, எழுத்து போலத் தோன்றி எந்த எழுத்தாகவும் இல்லாத வளைவுகள் வந்தன. டிஃப்யூஷன் கருவிக்கு எழுத்தும் ஓர் உருவமே. மீசை மயிரை எப்படி அமைக்கிறதோ அப்படித்தான் 'இ'யின் சுழியையும் அமைக்கிறது. மீசையில் ஒரு மயிர் கூடினால் யாருக்கும் தெரியாது. எழுத்தில் ஒரு வளைவு மாறினால் படிக்கவே முடியாது. தமிழில் 'கே' என்று எழுத, உயிர்மெய்யின் குறி மெய்க்கு முன்னால் நிற்க வேண்டும். 'கொ'வில் இருபுறமும் நிற்க வேண்டும். 247 எழுத்துகளின் இந்த ஒழுங்கைப் படங்களிலிருந்து மட்டும் கற்கத் தேவையான எடுத்துக்காட்டுகள் பயிற்சித் தொகுப்புகளில் போதிய அளவு இல்லை. புதிய கருவிகள் முன்னேறியிருக்கின்றன என்றாலும், படத்தை எழுத்தில்லாமல் வாங்கிக்கொண்டு, கைபேசியில் உள்ள படத் திருத்தச் செயலியில் தமிழ் எழுத்துருவைக் கொண்டு எழுதுவதே நம்பகமானது. எழுத்துக்கு இடம் வேண்டுமென்று முன்பே நினைத்து, "மேற்பகுதியில் வெறும் சுவர்" என்று ப்ராம்ப்ட்டில் சேர்த்துவிடுங்கள்.

எழுத்து தேவையா என்பதையும் யோசிக்க வேண்டும். நான் கடைசியில் எழுதாமலே அனுப்பினேன். அருகில் படுத்திருக்கும் நாயின் மேல் "நான் இருக்கேன்" என்று எழுதுவது, கையைப் பிடித்துக்கொண்டே "கையைப் பிடித்திருக்கிறேன்" என்று சொல்வதற்குச் சமம்.

வாட்ஸ்அப் ஸ்டிக்கராக மாற்ற விரும்புவோர்க்கு அளவுகள் இவை: 512க்கு 512 புள்ளிகள், வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவம், அசையாத ஸ்டிக்கர் 100 கிலோபைட்டுக்குள். பின்னணியை நீக்கிய பிறகு விலங்கைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விட்டுவிட்டால், இருண்ட திரையிலும் கறுப்புப் பூனை தெளிவாகத் தெரியும்.

## இல்லாத விலங்கை இருப்பதாகச் சொல்லலாகாது

2024இல் அமெரிக்காவைத் தாக்கிய ஹெலீன் புயலுக்குப் பின், படகில் அமர்ந்து நாய்க்குட்டி ஒன்றை அணைத்தபடி அழும் சிறுமியின் படம் பெருமளவில் பரவியது. அது ஏஐ உருவாக்கிய படம். உண்மையில் வெள்ளத்தில் சிக்கியிருந்தவர்களும் அவர்களுடைய விலங்குகளும் இருந்த நேரத்தில், இல்லாத ஒரு சிறுமிக்காக மக்கள் கலங்கினார்கள். ஆறுதல் மீம் செய்யும் அதே திறன், அதே பெரிய கண்கள், அதே உயர்ந்த உட்புருவம், இங்கே இரக்கத்தைச் சுரண்டப் பயன்பட்டன. காயம்பட்ட விலங்கையோ பேரிடரில் சிக்கிய விலங்கையோ உருவாக்கி, உண்மைப் படம் என்று எண்ணும்படி பரப்புவது தவறு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அடுத்த முறை உண்மையான அடிபட்ட நாயின் படம் வரும்போது, "இதுவும் ஏஐதான்" என்று மக்கள் கடந்துபோய்விடுவார்கள்.

வாழும் ஓவியர் ஒருவரின் பெயரைச் சொல்லி அவர் பாணியில் கேட்பதையும் நான் தவிர்க்கிறேன். பயிற்சிக்குப் படங்கள் ஒப்புதலின்றி எடுக்கப்பட்டன என்ற வழக்குகள் 2023 முதல் நடந்து வருகின்றன. அந்த ஓவியர்களின் உழைப்பு இந்த நிகண்டுக்குள் பெயரில்லாமல் கரைந்திருக்கிறது. ஒளியையும் உடல்நிலையையும் சொல்லிக் கேட்டாலே வேண்டிய படம் வரும்போது, ஒருவர் பெயரை எடுத்து ஆள வேண்டிய தேவை இல்லை.

தோழியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "அப்படி ஒரு நாய் கிடையாது. கம்ப்யூட்டர்ல செஞ்ச படம். நாற்காலி நீலம்னு நீ சொன்னது ஞாபகம் இருந்தது, அதனால அதையும் சேர்த்தேன்." ஏமாற்றமடைவாரோ என்று பயந்தேன். சில நிமிடங்கள் பதில் இல்லை. அவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. "நாற்காலி சரியா இருக்கு. ஆனா வால் மறைஞ்சுபோச்சே. அடுத்ததுல வால் தெரியணும்" என்று எழுதியிருந்தார். அடுத்த டயாலிசிஸ் வியாழக்கிழமை. சுருண்ட வால், நாற்காலியின் வலது காலுக்குப் பின்னால் தெரியும்படி, புதிய ப்ராம்ப்ட்டை எழுதி வைத்திருக்கிறேன்.